பழைய கணக்கை டெலீட் பண்ண சாஃப்ட்வேர் விடமாட்டேங்குதா? அவசரப்படாதீங்க, முதல்ல இதைப் படிங்க!

நம்ம சேனல்ல பெரும்பாலும் சம்பளம், சேமிப்பு, முதலீடு பத்தித்தான் பேசுவோம். இன்னிக்குக் கொஞ்சம் வேற விஷயம். மாசச் சம்பளம் வாங்குற நம்மில் நிறைய பேருக்கு, வீட்டுல இன்னொரு கணக்கும் ஓடிக்கிட்டு இருக்கும். அப்பாவோட ஹார்ட்வேர் கடை, மனைவியோட ஆன்லைன் புடவை வியாபாரம், சனி ஞாயிறுல நாமே பார்க்குற போட்டோகிராஃபி வேலை. "நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை"ன்னு சொல்லி, அந்தக் கணக்கைப் பார்க்குற பொறுப்பும் நம்ம தலையில வந்து விழும்.

சாஃப்ட்வேரைத் திறந்தா, 2017-ல் ஜிஎஸ்டி வந்தப்போ போட்ட பில்லில் இருந்து எல்லாமே அப்படியே கிடக்கும். ஒரு பேரைத் தேடினா நாலு பேர் வருவாங்க. அதுல ரெண்டு பேர் கடையையே மூடிட்டுப் போயிருப்பாங்க. சரி, சுத்தம் பண்ணலாம்னு டெலீட் அமுக்கினா, சாஃப்ட்வேர் அசையவே அசையாது. "என்னடா இது, காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர், நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்குது"ன்னு கோபம் வரும்.

உண்மையில, அந்த நேரத்துல சாஃப்ட்வேர் உங்க பணத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. எப்படின்னு பார்ப்போம். கூடவே, டெலீட் பண்ணாமலேயே கணக்கை எப்படிச் சுத்தமா வெச்சுக்கிறதுன்னும் பார்த்துடலாம்.

ஏன் டெலீட் ஆக மாட்டேங்குது?

நம்ம ஊர்ல சின்ன வியாபாரங்கள் அதிகம் பயன்படுத்துறது டேலி. அதுல ஒரு லெட்ஜரைத் திறந்து ஆல்ட் + டி அமுக்கினா டெலீட் ஆகணும். ஆனா அந்த லெட்ஜர்ல ஒரே ஒரு என்ட்ரி இருந்தாலும் ஆகாது. முதல்ல அந்த என்ட்ரிகளை எல்லாம் நீக்கணும், இல்லன்னா வேற லெட்ஜருக்கு மாத்தணும். ஜோஹோ புக்ஸ்லயும் இதே கதைதான். பில் போட்ட வாடிக்கையாளரை நீக்க முடியாது. 'இன்ஆக்டிவ்'னு குறிச்சு ஒதுக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

காரணம் ரொம்ப எளிமையானது. போன்ல இருக்குற போட்டோ மாதிரி, கணக்குல எந்த என்ட்ரியும் தனியா இருக்கிறதில்ல. ஒவ்வொண்ணும் குறைஞ்சது ரெண்டு இடத்தைத் தொடும். அந்த வருஷத்தோட முடிவு பாக்கிதான் அடுத்த வருஷத்தோட ஆரம்ப பாக்கி.

ஒரு உதாரணம். 2019-ல் ஒரு வாடிக்கையாளருக்கு 25,000 ரூபாய்க்குப் பொருள் வித்தீங்க. அடுத்த மாசம் அவர் முழுப் பணத்தையும் பேங்க்ல போட்டுட்டார். கணக்கு முடிஞ்சுது. இப்போ ஆறேழு வருஷம் கழிச்சு, "பழசுதானே"ன்னு கை வைக்கிறீங்க.

- பணம் வந்த என்ட்ரியை மட்டும் நீக்கினா: அவர் இன்னும் 25,000 ரூபாய் தரணும்னு காட்டும். உங்க பேங்க் லெட்ஜர்ல 25,000 குறையும்.
- பில்லை மட்டும் நீக்கினா: அவர் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்த மாதிரி ஆயிடும். 2019-ஓட விற்பனையும் லாபமும் குறையும்.
- ரெண்டையும் நீக்கினா: அவர் கணக்கு பூஜ்யம். ஆனா இன்னிக்குத் தேதியில உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் டேலிக்கும் 25,000 ரூபாய் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க யாராலயும் முடியாது, ஏன்னா ஆதாரத்தையே அழிச்சாச்சு.

இதோட நிக்காது. பழைய கொள்முதல் பில்லை நீக்கினா, சரக்கு இருப்பு மைனஸ்ல போகும். சரக்கோட சராசரி விலை மாறும். அதனால இந்த வருஷ லாபமும் மாறும். நீங்க ஏற்கெனவே ரிட்டர்ன் தாக்கல் பண்ண வருஷத்தோட பேலன்ஸ் ஷீட்டும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குறதும் வேற வேறயா நிக்கும்.

பில் நம்பர்ல ஒளிஞ்சிருக்குற வில்லங்கம்

இது நிறைய பேருக்குத் தெரியாது. டேலியில வவுச்சர் நம்பரைத் 'தானியங்கி'னு வெச்சிருந்தா, நடுவுல ஒரு பில்லை டெலீட் பண்ணதும் அதுக்கு அடுத்த பில்களோட நம்பர் எல்லாம் ஒண்ணு ஒண்ணா முன்னாடி நகர்ந்துடும். (புதிய வெர்ஷன்கள்ல பழைய நம்பரையே வெச்சுக்கிற வசதி இருக்கு. உங்க செட்டிங்ல அது எப்படி இருக்குன்னு பார்த்துக்கோங்க.)

நகர்ந்தா என்ன ஆகும்? வாடிக்கையாளர் கையில இருக்குற காகிதத்துல 143. ஜிஎஸ்டிஆர்-1-ல நீங்க ஏத்தினதும் 143. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் 142. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுல பில் நம்பர் வரிசையா, திரும்ப வராம இருக்கணும். ஜிஎஸ்டிஆர்-1-ல 13-வது அட்டவணை இதைத்தான் கேட்குது: எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் பில் போட்டீங்க, அதுல எத்தனை ரத்து?

'ரத்து'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. தப்பான பில்லுக்கு டெலீட் தேவையில்ல, கேன்சல் போதும். டேலியில அதுக்கு ஆல்ட் + எக்ஸ். பில் நம்பர் அப்படியே நிக்கும், தொகை மட்டும் போயிடும். ஆனா இதுவும் அந்த மாசம் ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடிதான். ரிட்டர்ன்ல ஏறின பில்லை கேன்சல் பண்ணக் கூடாது; கிரெடிட் நோட் போட்டோ, ஜிஎஸ்டிஆர்-1-ல திருத்தம் பண்ணியோதான் சரிபண்ணணும். அதுக்கும் கால வரம்பு இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

மூணு சட்டம், மூணு கணக்கு. நிதானமா பாருங்க.

*1. ஜிஎஸ்டி.* மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36 படி, அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்னோட கடைசித் தேதியில இருந்து 72 மாசம் கணக்கை வெச்சிருக்கணும். 2021-22 நிதியாண்டுக்கு ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதி 2022 டிசம்பர் 31. அப்போ அந்தக் கணக்கு 2028 டிசம்பர் 31 வரைக்கும் இருக்கணும். 2022-23-ன்னா 2029 டிசம்பர் 31. கொரோனா சமயத்துல இந்தக் கடைசித் தேதிகள் தள்ளிப்போச்சு, அதனால அந்த வருஷங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். உதாரணமா 2020-21-க்கு 2022 பிப்ரவரி 28 வரைக்கும் நீட்டிச்சாங்க. ஆக 2028 பிப்ரவரி வரை வெச்சிருக்கணும்.

இன்னொண்ணு. ஜிஎஸ்டி விதி 56, கணக்குல எழுதினதை அழிக்கவோ அதுக்கு மேல எழுதவோ கூடாதுன்னு சொல்லுது. கம்ப்யூட்டர்ல கணக்கு வெச்சிருந்தா, எதைத் திருத்தினீங்க, எதை நீக்கினீங்கன்னு ஒரு பதிவும் வெச்சிருக்கணும். இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமில்ல, ஜிஎஸ்டி பதிவு எடுத்த சின்னக் கடைக்கும் சேர்த்துதான்.

*2. வருமான வரி.* 1962 வருமான வரி விதிகள்ல 6எஃப் என்ற விதி இருக்கு. டாக்டர், வக்கீல், கட்டட வடிவமைப்பாளர் மாதிரி குறிப்பிட்ட தொழில் பார்க்குறவங்க, அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சதுல இருந்து 6 வருஷம் கணக்கை வெச்சிருக்கணும்னு அது சொல்லுது. மத்த வியாபாரிகளும் இதையே அளவுகோலா வெச்சுக்கிறது நல்லது. நிதியாண்டு முடிஞ்ச மார்ச்சில் இருந்து எண்ணினா 7 வருஷம். 2026 ஏப்ரல் 1-ல இருந்து 2025-ஆம் வருஷத்துப் புதிய வருமான வரிச் சட்டம். ஆனா அதுக்கு முந்தின வருஷங்களோட விவகாரங்களைப் பழைய 1961 சட்டப்படிதான் பார்ப்பாங்க. அதனால "புதுச் சட்டம் வந்துடுச்சு, பழசைத் தூக்கிப் போடலாம்"னு நினைச்சுடாதீங்க.

"நான் 44ஏடி-ல அனுமான வருமானம்தான் காட்டுறேன், எனக்குக் கணக்கே தேவையில்ல"ன்னு சிலர் சொல்லுவாங்க. வருமான வரிக்கு அது ஓரளவு சரி. ஆனா ஜிஎஸ்டி பதிவு இருந்தா, ஜிஎஸ்டிக்குக் கணக்கு வெச்சே ஆகணும். அந்தச் சலுகை இங்கே செல்லாது.

*3. கம்பெனி சட்டம்.* பிரைவேட் லிமிடெட், ஒரு நபர் கம்பெனின்னு பதிவு பண்ணியிருந்தா, பிரிவு 128 படி 8 நிதியாண்டுக் கணக்கு இருக்கணும். இதுக்கும் மேல, 2023 ஏப்ரல் 1-ல இருந்து கம்பெனிகள் பயன்படுத்துற கணக்கு சாஃப்ட்வேர்ல, ஒவ்வொரு திருத்தமும் தேதியோட பதிவாகணும். அந்த வசதியை நிறுத்தவும் முடியக் கூடாது. டேலியில 'எடிட் லாக்'னு தனிப் பதிப்பே கொண்டுவந்தது இதுக்காகத்தான். அதுல நீங்க எதை நீக்கினாலும், நீக்கின சுவடு இருக்கும். தனிநபர் உரிமையா நடத்துற கடைக்கு இந்தக் கம்பெனி விதி பொருந்தாது.

இந்த மூணையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஜிஎஸ்டிக்கு ஏறக்குறைய 6 வருஷம் 9 மாசம், வருமான வரிக்கு 7 வருஷம், கம்பெனிக்கு 8 வருஷம். "நிதியாண்டு முடிஞ்சு 8 வருஷம்"னு ஒரே நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க. மூணும் அதுக்குள்ள அடங்கிடும்.

விதிவிலக்கு ரெண்டு. அந்த வருஷம் சம்பந்தமா நோட்டீஸ், மேல்முறையீடு, வழக்கு எதுவும் நடந்துக்கிட்டு இருந்தா அது முடிஞ்சு ஒரு வருஷம் ஆகுற வரைக்கும் தொடாதீங்க. இடம், மெஷின் மாதிரி சொத்து வாங்கின பில்லை, அந்தச் சொத்தை வித்து, அதுக்கப்புறம் 8 வருஷம் ஆகுற வரைக்கும் வெச்சுக்கோங்க.

டெலீட் பண்ணா எவ்வளவு செலவாகும்?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2022-23-ல் உங்க அப்பா கடையில கொள்முதல் பில்கள் மேல 60,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு எடுத்து, விற்பனை வரியில கழிச்சுட்டாங்க. 2026-ல் அதிகாரி ஆதாரம் கேட்குறார். கொள்முதல் என்ட்ரிகளையும் நீக்கியாச்சு, பில்லும் கையில இல்ல. வரவு எடுக்க உரிமை இருக்குன்னு நிரூபிக்கிற பொறுப்பு, அதை எடுத்தவர் மேலதான்னு சட்டமே சொல்லுது.

- திருப்பிக் கட்ட வேண்டிய வரி: ரூ.60,000
- 18% வட்டி, 3 வருஷத்துக்கு: ரூ.32,400
- அபராதம் (10% அல்லது ரூ.10,000, எது அதிகமோ அது): ரூ.10,000
- மொத்தம்: ரூ.1,02,400

மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுறவரா இருந்தா, கிட்டத்தட்ட 20 மாசச் சேமிப்பு. லிஸ்ட் சுத்தமா தெரியணும்ங்கிறதுக்கு இது ரொம்ப ஜாஸ்தியான விலை இல்லையா?

வராத பாக்கியை டெலீட் பண்ணாதீங்க, ரைட் ஆஃப் பண்ணுங்க

லிஸ்ட்டை அடைச்சுக்கிட்டு இருக்குறதுல பாதி, வராக்கடன்தான். "அந்த ஆள் ஊரை விட்டே போயிட்டார், இனி எங்க வரப்போகுது"ன்னு விட்ட 40,000 ரூபாய் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த பில்லை டெலீட் பண்ணா, ஏற்கெனவே வரி கட்டின ஒரு வருஷத்தோட கணக்கு கெடும். உங்களுக்குக் காலணா லாபம் கிடையாது.

அதையே ஜர்னல் என்ட்ரி போட்டு 'வராக்கடன்'னு எழுதித் தள்ளினா, அது இந்த வருஷச் செலவு. அந்த விற்பனையை முன்னாடி வருமானமா காட்டியிருக்கணும், கணக்குல எழுதித் தள்ளியிருக்கணும், இதுதான் நிபந்தனை. கடன் வராதுன்னு தனியா நிரூபிக்கத் தேவையில்லன்னு 2010-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 20% வரி அடுக்குல இருக்குறவருக்கு 40,000 ரூபாய் செலவுன்னா, செஸ்ஸோட சேர்த்து 8,320 ரூபாய் வரி மிச்சம். வாடிக்கையாளர் பாக்கியும் பூஜ்யம் ஆயிடும். இது முறையா கணக்கு வெச்சு லாபம் காட்டுறவங்களுக்கு. அனுமான வருமானம் காட்டுறவங்களுக்குத் தனியா கழிக்க முடியாது. அந்த பில்லுக்குக் கட்டின ஜிஎஸ்டியும் திரும்ப வராது.

நாம கொடுக்க வேண்டிய பாக்கி அதுக்கு நேர் எதிர். அதை எழுதித் தள்ளினா, அது உங்க வருமானமா மாறும். ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.

சரி, எப்படித்தான் சுத்தம் பண்றது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

1. முதல்ல பேக்கப். ஒண்ணு பென் டிரைவ்ல, ஒண்ணு கிளவுட்ல. எடுத்தா மட்டும் போதாது. வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, திறக்குதான்னு பாருங்க. திறக்காத பேக்கப், பேக்கப்பே இல்ல.

2. என்ட்ரியே இல்லாத லெட்ஜர்களை நீக்குங்க. தப்பா உருவாக்கினது, ஸ்பெல்லிங் மாறி ரெண்டு தடவை வந்தது. இதை டெலீட் பண்ண சாஃப்ட்வேரும் விடும், சட்டமும் ஒண்ணும் சொல்லாது.

3. பழைய பேர்களை ஒரு மூலையில ஒதுக்குங்க. 'சன்ட்ரி டெட்டார்ஸ்' கீழே 'பழைய வாடிக்கையாளர்கள்'னு ஒரு குரூப் உருவாக்கி, அதுல மாத்துங்க. பேருக்கு முன்னாடி 'இசட் இசட்'னு சேர்த்தா, லிஸ்ட்ல கடைசிக்குப் போயிடும். பழைய டேலி ஆட்கள் காலங்காலமா பண்ற வித்தை இது. ஜோஹோ புக்ஸ்லன்னா 'இன்ஆக்டிவ்'.

4. பீரியடை மாத்துங்க. பழைய வருஷம் கண்ணுல படக் கூடாதுன்னா அதை நீக்கணும்னு இல்ல. ஆல்ட் + எஃப்2 அமுக்கி நடப்பு நிதியாண்டைப் போட்டா, ரிப்போர்ட்ல அது மட்டும்தான் தெரியும்.

5. உண்மையிலேயே ரொம்ப மெதுவா ஓடுதுன்னா மட்டும் ஸ்பிளிட். ஒரு தேதியில கம்பெனியை ரெண்டாப் பிரிக்கிற வசதி டேலியில இருக்கு. முடிவு பாக்கிகள் எல்லாம் புதுசுல ஆரம்ப பாக்கியா வந்து உட்காரும். பிரிக்கிற தேதி ஏப்ரல் 1-ஆ இருக்கட்டும். அதுக்கு முந்தின வருஷத்தோட ஆடிட், ரிட்டர்ன் எல்லாம் முடிஞ்சிருக்கட்டும். பிரிக்கிறதுக்கு முன்னாடி டேட்டாவை 'வெரிஃபை' பண்ணி, பிழை இருந்தா சரிபண்ணிடுங்க. பிரிச்சதும் ரெண்டு பக்கத்து டிரயல் பேலன்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு ரூபாய் வித்தியாசம்கூட வரக் கூடாது.

6. பழசைக் காகிதமா மாத்தி வைங்க. ஒவ்வொரு வருஷத்துக்கும் டே புக், லெட்ஜர்கள், டிரயல் பேலன்ஸ், சரக்கு இருப்பு, லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் எல்லாத்தையும் பிடிஎஃப், எக்ஸெல்னு ரெண்டாவும் எடுத்து, வருஷத்தைப் பேரா வெச்ச ஃபோல்டர்ல போடுங்க. சாஃப்ட்வேர் கம்பெனி என்னிக்கும் இருக்கும்னு நம்பிட முடியாது. குவிக்புக்ஸ் 2023-ல் இந்தியாவுல சேவையை நிறுத்தினப்போ, அதை நம்பியிருந்தவங்க எல்லாம் டேட்டாவை வெளியே எடுக்க ஓடினாங்க. டேலி வால்ட் பாஸ்வேர்ட் போட்டிருந்தா, அதை ஒரு டைரியில எழுதி வைங்க. மறந்துட்டா அந்தக் கணக்கைத் திறக்க வேற வழி கிடையாது.

7. அழிக்கிற தேதியைக் குறிச்சு வைங்க. 2021-22 ஃபோல்டர் பேருலேயே "2030 மார்ச் 31-க்கு அப்புறம்"னு சேர்த்துடுங்க. அந்தத் தேதி வந்து, வழக்கு எதுவும் இல்லன்னா, தாராளமா அழிக்கலாம்.

"என் நம்பரை அழிச்சிடுங்க"ன்னு வாடிக்கையாளர் கேட்டா?

ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு இது அடிக்கடி வரும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிஞ்ச தரவை அழிக்கச் சொல்லுது. ஆனா வேற சட்டத்துக்காக வெச்சிருக்க வேண்டியதை அழிக்கச் சொல்லல. அதனால, விளம்பரம் அனுப்புற லிஸ்ட்ல இருந்தும் வாட்ஸ்அப் குரூப்ல இருந்தும் நம்பரை எடுத்துடுங்க. பில் மட்டும் அதோட காலம் முடியுற வரைக்கும் இருக்கட்டும். அவங்ககிட்ட அதையே மரியாதையா சொல்லிடுங்க, புரிஞ்சுக்குவாங்க.

கடைசியா ஒரு விஷயம்

கூடுதல் வியாபாரம் பண்ற சம்பளக்காரங்க ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4தான். நாளைக்கே அந்த வியாபார வருமானத்தையும் காட்டி வீட்டுக் கடன் கேட்டா, பேங்க்ல முந்தைய வருஷ ரிட்டர்னும் லாப நட்டக் கணக்கும் கேட்பாங்க. அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல இருக்குற கணக்கும் தாக்கல் பண்ண ரிட்டர்னும் ஒரே நம்பரைச் சொல்லணும். பழைய என்ட்ரிகளைத் தொடாம வெச்சிருந்தா, அது தானா சொல்லும்.

அப்பாகிட்டயும் இதைச் சொல்லுங்க. அவர் காலத்துல பழைய பேரேட்டை மூட்டை கட்டிப் பரண் மேல போட்டு வெச்சாரே தவிர, பக்கத்தைக் கிழிச்சுப் போடல. இதுவும் அதேதான். பரண் மட்டும்தான் மாறியிருக்கு.

உங்க வீட்டுக் கணக்கு எந்த சாஃப்ட்வேர்ல இருக்கு, எங்கே சிக்கல்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஸ்பிளிட் பண்றதை ஸ்கிரீன்ல காட்டி ஒரு வீடியோ போடலாமா? வேணும்னா அதையும் எழுதுங்க. வீட்டுல கடை வெச்சிருக்குற நண்பருக்கு இதை ஷேர் பண்ணுங்க.

(இது பொதுவான தகவலுக்காக எழுதினது. உங்க கணக்குல எதையும் நீக்குறதுக்கோ பிரிக்கிறதுக்கோ முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க.)